மறுமுனையில் யார்?

புனா நகரம். 1791ஆம் ஆண்டு, ஆகஸ்டுத் திங்கள்.

அரியணையில் இளைஞர் பேஷ்வா சவாய் மாதவராவ். ஆட்சிக் கயிறோ அமைச்சர் நானா பட்னவிஸ் கையில். நானா நோக்கினால் நகரம் நடுங்கும். நானா நகைத்தால் நகரமும் நகைக்கும். அந்த நானா அமர்த்திய நகரக் காவல் தலைவன் காசிராம் சாவள்தாஸ். அந்நாள் வழக்கில் அவனுக்குப் பெயர் கொத்தவால். 1777 முதல் பதினான்கு ஆண்டுகள் அவன் வைத்ததே புனாவில் சட்டம். அவன் வாய்ச்சொல்லே தீர்ப்பு.

பேஷ்வா வழங்கும் தட்சணையைப் பெறத் தெலுங்கு நாட்டிலிருந்து வந்திருந்த பார்ப்பனர் சிலர், ஒரு தோட்டத்தில் பழம் பறித்தனர் என்று குற்றஞ்சாட்டப்பட்டனராம். கொத்தவாலின் ஆட்கள் அவர்களைப் பிடித்து, காற்றும் புகாத சிறு அறையில் நெருக்கி அடைத்தனர். விடிந்து கதவைத் திறந்தபோது இருபதுக்கும் மேற்பட்டோர் மூச்சுத் திணறி மாண்டு கிடந்தனர்.

நகரம் கொதித்தது. மாண்டவர் வேதியர், நீதி கேட்டு வாயிலை மறித்தவரும் வேதியர்! பதினான்கு ஆண்டுகள் எளியோர் எழுப்பிய ஓலம் ஏறாத செவியில், அன்று எழுந்த ஓலம் உடனே ஏறியது. நானா கொத்தவாலைக் கைவிட்டார். காசிராம் தெருத்தெருவாக இழுத்துச் செல்லப்பட்டுக் கல்லால் அடித்துக் கொல்லப்பட்டான். கூடியிருந்தோர் நீதி வென்றதென்று நிறைவெய்தி வீடு திரும்பினர்.

கொத்தவால் மாண்டான். அவனை அமர்த்தியவர்? அவனுக்கு அதிகாரம் அளித்தவர்? அவன் ஆடிய ஆட்டத்தைப் பதினான்கு ஆண்டுகள் பார்த்துக்கொண்டே இருந்தவர்? நானா பட்னவிஸ் 1800வரை வாழ்ந்தார். அவர்மீது ஒரு கூழாங்கல்லும் விழவில்லை.

இதனை நாம் இன்று நினைவுகூரக் காரணம் ஒரு திரைப்படம். நம்மிற் பலர் பிறப்பதற்கு முன்பே, 1983இல், வெளிவந்த இந்திமொழிப் படம்: 'அர்த்த சத்யா'. தமிழிற் சொன்னால், 'அரை உண்மை'.

இந்தித் திணிப்பை எதிர்க்கும் ஏட்டிலே இந்திப் படத்தைப் பற்றி எழுதுவதா என்று தோழர்கள் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். திணிப்பை எதிர்ப்பது வேறு. ஒரு மொழியில் எழுந்த நல்ல சிந்தனையைப் போற்றுவது வேறு. வால்டேரைப் போற்றுவோர் பிரெஞ்சுக்கு அடிமையாகிவிட்டாரா? மேலும், மொழி இந்தியாயினும் இப்படத்தின் வேர் மராத்தி மண்ணிலே இருக்கிறது. மராத்தி எழுத்தாளர் பன்வல்கர் எழுதிய 'சூர்யா' என்னும் சிறுகதைதான் மூலம். திரைக்கதை வகுத்தவர் மராத்தி நாடக ஆசிரியர் விஜய் தெண்டுல்கர். படத்துக்குப் பெயர் தந்தது திலீப் சித்ரேயின் கவிதை. இயக்கியவர் கோவிந்த் நிஹலானி. சியாம் பெனகலின் 'அங்கூர்', 'நிஷாந்த்' ஆகிய படங்களுக்கு ஒளிப்பதிவு செய்து, 1980இல் 'ஆக்ரோஷ்' படத்தின்மூலம் இயக்குநரானவர்.

தெண்டுல்கர் யார்? 1972இல் 'காசிராம் கொத்தவால்' நாடகத்தை எழுதியவர்! புனாவின் அந்தக் கொத்தவாலை மேடையேற்றி, அவனுக்குப் பின்னே நின்ற நானாவையும் இழுத்துவந்து நிறுத்தியவர். நானாவை இழிவுபடுத்திவிட்டார், பார்ப்பனரைப் பழித்துவிட்டார் என்று வைதீகர்கள் கூச்சலிட்டனர். அக் கூச்சலுக்கு அஞ்சாத அதே பேனாதான், பதினோராண்டு கழித்துப் பம்பாய் நகரத்தின் காக்கிச்சட்டைக்குள்ளே இன்னொரு கொத்தவாலைக் கண்டது. ஆனால் இம்முறை அந்தக் கொத்தவால் கொடியவனல்லன், நல்லவன். அங்கேதான் இருக்கிறது படத்தின் கூர்மை.

* * *

அனந்த் வேலங்கர். பம்பாய்க் காவல்துறையில் துணை ஆய்வாளன். படித்தவன், மேலும் படிக்க விரும்பியவன். ஆனால் தந்தை காவல்துறையிற் பணியாற்றி ஓய்வுபெற்றவர். மகனும் அந்தச் சீருடையையே அணியவேண்டுமென்று ஆணையிட்டவர். அவர் வீட்டில் விவாதம் கிடையாது; கைதான் பேசும். அந்தக் கை தாயின் கன்னத்தில் விழுவதைக் கண்டும் தடுக்க வலியற்று நின்ற சிறுவன்தான் வேலங்கர். நெஞ்சில் நெருப்பு, நாவிலே பூட்டு. அதே நிலையில் அவன் வளர்ந்தான், சீருடை அணிந்தான். வேலங்கராக ஓம் புரி. தந்தையாக அம்ரிஷ் புரி. அவன் நேசிக்கும் கல்லூரி ஆசிரியை ஜோத்சனாவாக ஸ்மிதா பாட்டீல்.

தீக்காயங்களுடன் சாகக் கிடக்கிறான் ஓர் ஏழை. உயிர் பிரியுமுன் தன்னைக் கொளுத்தியவர்களை அடையாளம் காட்டுகிறான். அவர்கள் இராமா ஷெட்டி என்னும் வட்டாரத் தாதாவின் ஆட்கள். சட்டம் தெளிவு; சான்று தெளிவு. வேலங்கர் நேரே இராமா ஷெட்டியின் இருப்பிடத்துக்கே செல்கிறான், கைது செய்ய. இராமா ஷெட்டி பதறவில்லை, ஓடவில்லை, கத்தியை எடுக்கவுமில்லை. தொலைபேசியை எடுக்கிறான்! மறுமுனையில் ஓர் உயர் அதிகாரி. திரும்பிப் போ என்று வேலங்கருக்கு ஆணை பிறக்கிறது. சட்டத்தின் காவலன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வெறுங்கையோடு படியிறங்குகிறான். இராமா ஷெட்டியாக நடித்தவர் மராத்தி நாடக மேடையிலிருந்து வந்த சதாசிவ் அம்ராபுர்க்கர். இதுவே அவரது முதல் இந்திப் படம். குரலை உயர்த்தாமலே குலைநடுங்க வைக்கிறார்.

அன்று தொடங்குகிறது வேலங்கரின் சரிவு. குடிசைப் பகுதியில் ஒரு பெண்ணுக்குத் தொல்லை தந்த போக்கிரிகளைப் பிடித்து அடைக்கிறான். அவர்களுக்குச் சட்டமன்ற உறுப்பினரின் ஆதரவு இருப்பதால் அவன் வேலைக்கே ஆபத்து வருகிறது. மூத்த நண்பர் ஐதர் அலி குறுக்கு வழியில், செல்வாக்குள்ளோர் துணையால் அவனைக் காப்பாற்றுகிறார். காப்பாற்றப்பட்டது வேலை, போனது தன்மானம்! நேர்மைக்காக வந்த தண்டனையைத் தடுக்க நேர்மையற்ற வழியை நாடவேண்டியதாயிற்று. பின்னர், உயிரைப் பணயம் வைத்து மலையிடுக்கில் ஒரு கொள்ளைக்காரனைப் பிடிக்கிறான். பாராட்டு வேறோர் அதிகாரிக்குப் போகிறது.

குடிக்கத் தொடங்குகிறான் வேலங்கர். ஒருநாள் காவல் நிலையத்துக்குச் சிறு திருடன் ஒருவனைக் கொண்டுவருகிறார்கள். அவன் திருடியது என்ன? ஒரு சிறு டிரான்சிஸ்டர் வானொலி! வேலங்கர் அவனை அடிக்கிறான். அடிக்கிறான்... மேலும் அடிக்கிறான்... அந்தத் திருடன் மாண்டுபோகிறான்.

இங்கே சற்று நிற்போம். அந்த அடிகள் யாருக்குரியவை? இராமா ஷெட்டிக்கு அடிக்க வேண்டிய அடி. தொலைபேசியில் ஆணையிட்டவரிடம் காட்ட வேண்டிய சினம். தாயை அறைந்த தந்தையைத் தடுக்க வேண்டிய கை. மேலே செல்ல இயலாத சினம் கீழே இறங்குகிறது. இறங்கி இறங்கி, தடுக்க ஆளில்லாத இடத்தில், கேட்க நாதியற்ற ஒருவனின் முதுகிலே விழுகிறது. மேலே வணங்கி வளைந்த முதுகு, கீழே மிதிக்கும் காலை வளர்த்துவிட்டது. வேலங்கர் கொலைகாரனானது அவன் துணிவுள்ளவன் என்பதாலன்று. துணிய வேண்டிய இடத்தில் துணிய விடப்படவில்லை என்பதால்.

இதுவே படத்தின் அடிப்படைக் கருத்து என்று நாம் கொள்கிறோம். சாதியின் ஏணிப்படிகளை அறிந்த நமக்கு இது புதிதன்று. மேற்படியில் நிற்பவன் உதைத்தால், உதைபட்டவன் அவனைத் திருப்பி உதைப்பதில்லை. தனக்குக் கீழ்ப்படியில் நிற்பவனைத் தேடுகிறான். காவல் நிலையமும் அப்படி ஓர் ஏணிதான். அதன் அடிப்படியிலே கிடப்பவன், ஜாமீனுக்கு ஆளில்லாத ஏழை.

* * *

இந்த ஏணியைச் செய்த தச்சர் யார்? வரலாற்றைப் புரட்டுவோம். அதன் முதல் ஏடுகளில் ஒன்று நம் சென்னை மாகாணத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

1854இல், கும்பினி ஆட்சியில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மக்கள் வதைக்கப்படுகிறார்கள் என்ற செய்தி இலண்டன் நாடாளுமன்றம்வரை சென்றது. சென்னையில் விசாரணைக் குழு அமைந்தது. 1855இல் அறிக்கை வந்தது. அந்த அறிக்கையிலே தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன! திருக்குறளும் சிலம்பும் படைத்த மொழி, ஆங்கிலேயரின் அரசாங்க அறிக்கைக்கு அளித்த சொற்கள் எவை? 'கிட்டி': இரு கோல்களுக்கு நடுவே விரல்களை வைத்து நெரிப்பது. 'அண்ணாந்தாள்': உடலை வளைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்துவது. வெட்கத்தோடு படிக்கவேண்டிய சொற்கள். வரி தண்டுவோரும் காவல் செய்வோரும் ஒருவராகவே இருந்ததால் கேட்பார் இல்லை என்று அக்குழு கண்டது. அதன்பின் 1859இல் சென்னைக்கெனத் தனிக் காவற்படைச் சட்டம் வந்தது.

இடையிலே 1857. வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தனர். வெள்ளை ஏகாதிபத்தியம் ஆட்டங்கண்டது. ஆட்சியைக் காக்கப் படை மட்டும் போதாது. ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு, ஆணைக்குக் கட்டுப்பட்ட ஆட்கள் வேண்டுமென்று கணக்கிட்டனர். பிறந்தது 1861ஆம் ஆண்டுக் காவற்படைச் சட்டம்.

இலண்டனில் 1829இல் இராபர்ட் பீல் அமைத்த காவற்படை, ஊராரின் நம்பிக்கையை நாடி வாழவேண்டியதென்று கருதப்பட்டது. ஆனால் அந்த மாதிரி இந்தியாவுக்கு வரவில்லை! இங்கே வந்தது அயர்லாந்து மாதிரி. அடங்காத அயர்லாந்து உழவர்களை அடக்கிவைக்க வெள்ளையர் வளர்த்த ஆயுதப்படை. அதைப் பார்த்தே, சிந்துவை 1843இல் கைப்பற்றிய சார்லஸ் நேப்பியர் அங்கே காவற்படை அமைத்தார். அந்த வழியே பிற பகுதிகளுக்கும் பரவியது. தன் நாட்டானுக்குக் காவலன். அடிமை நாட்டானுக்குக் கண்காணி! 1861ஆம் ஆண்டுச் சட்டத்தில் காவற்படை மக்களுக்கு விடை சொல்லவேண்டும் என்பதற்கு இடமில்லை. மேலிடத்துக்குக் கட்டுப்படவேண்டும் என்பதற்கே இடம்.

தன் படையை வெள்ளையனே நம்பவில்லை என்பதற்கும் சான்று உண்டு. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம், காவல் அதிகாரியிடம் ஒருவன் தந்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று விதித்தது. ஏன்? அது எப்படிப் பெறப்பட்டிருக்கும் என்பது சட்டம் இயற்றியவருக்குத் தெரியும்! 2024 ஜூலை முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய சாட்சியச் சட்டம் வந்தது. ஆனால் அந்த விதி நீங்கவில்லை. நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் காவல் நிலையத்தின் நான்கு சுவர்களுக்குள் பெறப்படும் சொல்லைச் சட்டம் நம்ப மறுக்கிறது.

வெள்ளையன் 1947இல் போனான். ஏணி போயிற்றா? பம்பாய்க்கு 1951இல் தனிக் காவற்படைச் சட்டம் வந்தது. தேதி புதியது, அச்சு பழையது. மேலிடம் மட்டும் மாறிற்று. வைசிராயின் இடத்தில் அமைச்சர். கலெக்டரின் அருகே கட்சிப் புள்ளி. அவர்களுக்குப் பக்கத்தில், பணப்பையுடன், இராமா ஷெட்டி!

1975 முதல் 1977வரை நாடு நெருக்கடி நிலையைக் கண்டது. ஆளுங்கட்சியின் ஏவலுக்குக் காவல்துறை எத்தகைய கருவியாகும் என்பதை ஷா விசாரணைக் குழு எடுத்துக்காட்டியது. 1977 இறுதியில் தரம் வீரா தலைமையில் தேசியக் காவல் ஆணையம் அமைந்தது. 1979 முதல் 1981வரை எட்டு அறிக்கைகள்! காவல் தலைவருக்கு நிலையான பதவிக்காலம் வேண்டும். அரசியல் தலையீட்டுக்கு அணை வேண்டும். பழைய சட்டம் போய்ப் புதுச் சட்டம் வேண்டும் என்றது. அறிக்கைகள் அலமாரிக்குச் சென்றன, அலமாரி பூட்டப்பட்டது.

பூட்டிய அலமாரிக்கு வெளியே என்ன நடந்தது? 1979-80இல் பீகாரின் பாகல்பூரில், விசாரணைக் கைதிகள் முப்பதுக்கும் மேற்பட்டோரின் கண்களைக் குத்தி, அமிலம் ஊற்றிக் குருடாக்கினர் காவலர். நாடு அதிர்ந்தது. ஆனால் அந்த ஊரிலேயே காவலருக்கு ஆதரவாக மக்கள் திரண்டனர் என்பதையும் நாம் மறைக்கக்கூடாது! 1982 ஜனவரியில் பம்பாய் வடாலாவில் மான்யா சுர்வே என்னும் ரவுடியைக் காவலர் சுட்டு வீழ்த்தினர். அந்நகரத்தின் 'என்கவுண்டர்' வரலாறு அங்கிருந்தே எண்ணப்படுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் பம்பாய்க் காவலர்களே கிளர்ந்தெழுந்தனர். அடக்க இராணுவம் வந்தது. அவர்கள் சங்கத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. அடிக்கும் கைக்கும் ஓர் ஆற்றாமை இருக்கிறதென்று அன்று நகரம் கண்டது. அதற்கு அடுத்த ஆண்டு வந்தது 'அர்த்த சத்யா'. காலம் கருவுற்றிருந்த கதையைத்தான் தெண்டுல்கரும் நிஹலானியும் பெற்றெடுத்தனர்.

* * *

அதற்குப் பத்தாண்டு முன்பே, 1973இல், 'சஞ்சீர்' வந்திருந்தது. அமிதாப் பச்சன் காவல் ஆய்வாளர், நேர்மையாளர், சூழ்ச்சியால் சீருடை இழந்தவர். முடிவில் தீயவனைத் தம் கையாலேயே முடிக்கிறார். கொட்டகை அதிர்கிறது, கைத்தட்டல் காதைப் பிளக்கிறது. சினங்கொண்ட நாயகன், கயவனை மாய்த்தான், கணக்கு நேராயிற்று, விளக்கு எரிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

'அர்த்த சத்யா'வின் முடிவைக் காணீர்! சிறு திருடன் இறந்ததால் வேலங்கர் தற்காலிகமாக வேலையிழக்கிறான். ஜோத்சனாவும் அவனும் நெருங்க முடியாத தொலைவுக்குப் போய்விடுகிறார்கள். காப்பாற்றக்கூடியவன் ஒருவனே என்கிறார் ஐதர் அலி. யார்? இராமா ஷெட்டி! இதற்குள் அவன் தேர்தலில் நின்று வென்று மாநகராட்சி உறுப்பினனுமாகிவிட்டான். கைது செய்யச் சென்ற வீட்டுக்கே வேலங்கர் கையேந்தச் செல்கிறான். என் ஆளாகிவிடு, எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன் என்பது இராமா ஷெட்டி விதிக்கும் நிபந்தனை. இத்தனை நாள் அடக்கிய சினம் அணையுடைக்கிறது. வேலங்கர் அவன் குரல்வளையை நெரித்துக் கொல்கிறான். பின்னர் காவல் நிலையத்துக்குச் சென்று சரணடைகிறான். அவ்வளவுதான், படம் முடிகிறது.

நம்மில் ஒரு பகுதி அந்த நொடியில் மகிழ்கிறது, மறுக்கவேண்டியதில்லை. ஆனால் மகிழ்ச்சி அடங்கியதும் எண்ணிப்பாருங்கள். வேலங்கரின் கைகள் கொன்றவர் இருவர். ஒருவன் இராமா ஷெட்டி. இன்னொருவன் வானொலி திருடியவன். ஒரே கை, ஒரே சினம், ஒரே நெரிப்பு. முதற்கொலைக்கு வருந்தி இரண்டாங் கொலைக்குக் கைதட்டுவது எந்த அறநூலின் விதி? இராமா ஷெட்டி ஒழிந்தான். அவன் மேசைமேல் இருந்த தொலைபேசி ஒழிந்ததா? மறுமுனையில் பேசிய அதிகாரி அதே நாற்காலியில் இருக்கிறார். மாநகராட்சியில் ஓர் இடம் காலி. அதை நிரப்ப எத்தனை இராமா ஷெட்டிகள்! கொத்தவாலைக் கொன்ற புனா நானாவை வைத்துக்கொண்டதுபோல, பம்பாயும் மறுமுனையை வைத்துக்கொண்டது. எனவேதான் அது வெற்றியன்று, அரை உண்மை. படமும் தன்னைத் தானே அப்பெயரால் அழைத்துக்கொண்டது.

ஓம் புரிக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. செக்கோஸ்லோவாகியாவில் நடந்த கார்லோவி வாரி திரைப்பட விழாவிலும் அவர் நடிப்பு போற்றப்பட்டது. விருது வந்தது, பாராட்டு வந்தது. பாடம் மட்டும் படிக்கப்படவில்லை. பின்னர் வந்த படங்கள் பல, வேலங்கரின் வேதனையை விட்டுவிட்டன. அவன் கையை மட்டும் எடுத்துக்கொண்டன. 2011இல் வந்த இந்திச் 'சிங்கம்' படத்தில், காவலர் கூடி அரசியல் தாதாவைச் சுட்டுக்கொன்று, அதற்கொரு பொய்க்கதையும் புனைகிறார்கள், அரங்கம் ஆரவாரிக்கிறது. அந்தச் சிங்கம் எங்கிருந்து போயிற்று? 2010இல் வந்த நம் தமிழ்ப் படத்திலிருந்து! வடக்கிலிருந்து வந்ததென்று நாம் பழிக்க வழியில்லை. இது நாம் அனுப்பிய சரக்கு. இத்தகைய படங்கள் ஆபத்தான செய்தியைப் பரப்புகின்றன என்று 2023இல் எச்சரித்தார், பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த கௌதம் பட்டேல்.

திரையோடு நின்றதா இந்த ஆரவாரம்? 2019 டிசம்பர் 6. ஐதராபாத் அருகே, இளம்பெண் ஒருவரைச் சிதைத்துக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நால்வர் விடியற்காலையில் காவலரால் சுடப்பட்டு மாண்டனர். நடந்த கொடுமையோ நெஞ்சைப் பிளப்பது. அதற்குக் கடுந்தண்டனை கோராதார் இலர். ஆனால் வழக்கு நடக்கவில்லை; சாட்சி விசாரிக்கப்படவில்லை; தீர்ப்பு எழுதப்படவில்லை. மக்களோ காவலர்மேல் மலர் தூவினர்! உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்க்கர் ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளியாயிற்று. கொல்லும் நோக்கத்துடனேயே சுட்டனர் என்று அது முடிவு சொன்னது. தூவிய மலர்கள் அதற்குள் சருகாகியிருந்தன.

* * *

பள்ளியிலே வரலாறு கற்பிக்கும் நாம், ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு மாணவரைக் கேட்டோம்: "கொடுங்குற்றம் செய்தவனைப் போலீசார் பிடித்துவிட்டார்கள். என்ன செய்யவேண்டும்?" "சுட்டுவிட வேண்டும்!" என்று ஒரே குரலில் முழங்கிற்று வகுப்பு. ஒருவன் கையாலேயே துப்பாக்கி பிடித்துக் காட்டினான். கடைசிப் பலகையில் ஒரு மாணவன் மட்டும் பேசாதிருந்தான். "உன் கருத்து என்னப்பா?" என்றோம். எழுந்து நின்றான். "எங்க மாமாவையும் ஒரு தடவை புடிச்சிட்டுப் போனாங்க, ஐயா. அப்புறம் வேற ஆளுன்னு சொல்லி விட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு அமர்ந்தான். வகுப்பு அமைதியாயிற்று. அன்றைய பாடத்தை நாம் நடத்தவில்லை, அவனே நடத்திவிட்டான்.

வேறு ஆளென்று தெரிந்தபோது உயிர் இருந்தது. ஆகவே விட முடிந்தது. சுட்டபின் தெரிந்திருந்தால்? குண்டைத் திரும்ப அழைக்க எந்தத் தொலைபேசியில் பேசுவது?

பகுத்தறிவாளர் என்று நம்மை நாம் சொல்லிக்கொள்கிறோம். சான்று கேட்பவன்தானே பகுத்தறிவாளன்! கோயிலிலே சாமியாடியவன் சொன்னான் என்றால் "சான்று எங்கே?" என்கிறோம், காவல் நிலையத்தில் ஒருவன் ஒப்புக்கொண்டான் என்றால் மட்டும் சான்று கேட்காமல் தலையசைப்பதா? தெய்வம் நின்று கொல்லும் என்பதை நம்ப மறுப்பவர், துப்பாக்கி அன்றே கொல்லும் என்பதற்கு மட்டும் கைதட்டுவதா? சீருடைக்குள் அவதாரத்தைத் தேடுவதும் ஒருவகைப் பக்திதான். அதன் பலிபீடத்தில் படுப்பவர் யாரென்று பாருங்கள்: மண்ணில்லாதவர், மனுப்போட ஆளில்லாதவர், சேரியிலும் குடிசையிலும் வாழ்பவர். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடை வைத்துப் பிழைத்த தந்தையும் மகனும் காவலில் வதைக்கப்பட்டு மாண்டபோது தமிழகமே துடித்தது. நியாயமான துடிப்பு. ஆனால் பெயரும் தெரியாத ஒருவன் அதேபோல மாளும்போது துடிக்காவிட்டால், நமக்கும் 1791ஆம் ஆண்டுப் புனாவுக்கும் வேற்றுமை என்ன?

காவலரை வெறுக்கச் சொல்லவில்லை நாம். வேலங்கரை வெறுக்க முடியுமா? அவன் நல்ல காவலனாக வாழத்தான் விரும்பினான். மறுமுனை அவனை விடவில்லை. இன்றும் காக்கிச்சட்டைக்குள் எத்தனையோ வேலங்கர்கள், முதற்கொலைக்கு முந்திய நிலையில், மூச்சடக்கி நிற்கிறார்கள். அவர்களைக் காக்கவும் வழி ஒன்றுதான்: தொலைபேசிக் கம்பியை அறுப்பது.

வழி தெரியாமலில்லை. ஓய்வுபெற்ற காவல் அதிகாரி பிரகாஷ் சிங் 1996இல் தொடுத்த வழக்கில், 2006 செப்டம்பர் 22இல் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகள் இட்டது. காவல் தலைவருக்கு ஈராண்டுப் பதவி உறுதி; ஆளுவோரின் தலையீட்டைத் தடுக்க மாநிலப் பாதுகாப்பு ஆணையம்; புலனாய்வு வேறு, ஒழுங்கு காத்தல் வேறு என்ற பிரிவினை; மாவட்டந்தோறும் காவலர்மீது முறையிடத் தனி அமைப்பு. மாநிலங்கள் பல இவற்றை முழு உள்ளத்தோடு ஏற்கவில்லை. 1996இல் டி. கே. பாசு வழக்கில் கைதுக்கு விதிகள் வகுக்கப்பட்டன. 2014இல், மும்பையின் 'என்கவுண்டர்'கள் குறித்த வழக்கில், ஒவ்வொரு சாவும் தனியே விசாரிக்கப்படவேண்டும் என்றாயிற்று. 2020இல் காவல் நிலையந்தோறும் கண்காணிப்புக் கருவி பொருத்தவேண்டும் என்ற ஆணையும் பிறந்தது. சித்திரவதைக்கு எதிரான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது. அதை உறுதிசெய்து சட்டமாக்கவோ இன்றுவரை கை எழவில்லை.

இவற்றையெல்லாம் கேட்கவேண்டியவர் யார்? ஓட்டுக் கேட்டு வருவோரிடம் சாலை கேட்கிறோம், குடிநீர் கேட்கிறோம். "எங்கள் மாவட்டத்தில் காவலர்மீது முறையிடும் அமைப்பு எங்கே?" என்று கேட்டதுண்டா? கைதானவரை இருபத்துநான்கு மணிக்குள் நீதிபதிமுன் நிறுத்தவேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைக் காண விடவேண்டும் என்பது அரசியலமைப்பின் இருபத்திரண்டாம் பிரிவு. அதை நம் தெருவில் எத்தனை பேர் அறிவார்? படிப்பகத்தில் ஒரு மாலை அதைப் படித்துக்காட்டலாம். பிடித்துச் செல்லப்பட்ட ஏழையின் வீட்டாரோடு நாலுபேர் காவல் நிலைய வாசல்வரை உடன் செல்லலாம். நாலுபேர் பார்க்கிறார்கள் என்றால் ஓங்கிய கையும் சற்றே தயங்கும்.

அடுத்தமுறை திரையரங்கில் நாயகனின் துப்பாக்கி உயரும்போது, சுற்றிலும் சீழ்க்கை பறக்கும்போது, தோழனே, நீ ஒரு நொடி கைதட்டாமலிரு. துப்பாக்கியின் முன்னே நிற்பவனைப் பார்த்தது போதும். அதைப் பிடித்திருப்பவனுக்கும் பின்னால், திரையில் தெரியாத இடத்தில், தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் யாரென்று கேள். அந்தப் பெயரைச் சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இரு.